போதத்தில் விழுந்தவர்

பிடரியில் தொடங்கிய வலி முதுகெலும்பு வழியாக இறங்கி இடுப்பில் வந்து உட்கார்ந்துகொண்டு, அங்கிருந்து இரண்டு கால்களுக்கும் ஆள் அனுப்பிக்கொண்டிருந்தது. சித்தாள் வேலைக்குப் போகிறவர்கள் எல்லாருக்கும் வலி உண்டு. சாயங்காலம் வரும், காலையில் போய்விடும். இது போகிற வலியாகத் தெரியவில்லை. இந்தச் சித்தாள் இப்போது இரண்டு ஆள் சுமை சுமந்தாள். ஒன்று அவளுடையது. மற்றது வீட்டில் காலை நீட்டிப் படுத்திருந்த புருஷனுடையது.

புருஷன் சுமைக்காரர். பீரோ, இரும்புப் பெட்டி, கல், கட்டில், எதுவானாலும் முதுகில் வாங்கி மாடிக்கு ஏற்றிவிடுவார். குடிப்பழக்கம் கிடையாது. அது ஒழுக்கத்தால் வந்ததல்ல. ஒரு மடக்கு உள்ளே போனாலே குடலைப் பிடுங்கி வெளியே போட்டுவிடுகிற வயிறு அவருக்கு. கூட்டாளிகள் இதற்காகவே அவருக்குப் 'பால்குடி' என்று பெயர் வைத்திருந்தார்கள்.

அந்தப் பால்குடி குடித்துவிட்டுப் படியில் உருண்டார் என்றுதான் இப்போது ஊர் முழுக்கப் பேச்சு.

அவர் விழுந்த இடம் உலகத் தொன்மைச் சிந்தனைக் கழகம். பழங்கால மக்கள் எதை எதை யோசித்தார்கள் என்று இப்போதிருப்பவர்கள் சம்பளம் வாங்கிக்கொண்டு யோசிக்கிற இடம். மாடிக்கு ஒரு நாகரிகம். முதல் மாடி கிரேக்கம், இரண்டாம் மாடி சீனம், மூன்றாம் மாடி எகிப்து. லிஃப்ட் உண்டு, ஆனால் அதற்குள் உடைந்த நாற்காலிகளைப் போட்டுப் பூட்டியிருந்தார்கள். ஞானத்தை ஏறித்தான் அடைய வேண்டும் என்று வாசலில் பித்தளையில் பொறித்திருந்தது. இயக்குநரின் அறை மட்டும் தரைத்தளத்தில். அவர் ஏற்கெனவே அடைந்துவிட்டவர்.

அன்றைக்குப் பால்குடி முதல் மாடிக்கு ஏற்றிக்கொண்டிருந்தது ஒரு கல் தலை. தாடி வைத்த யாரோ ஒரு பழைய ஞானி. உடம்பு வேறு நாட்டில் இருக்கிறதாம். பாதிப்படியில் மூச்சு வாங்க நின்றவர் மரக் கைப்பிடியைப் பிடித்தார். கைப்பிடி கையோடு வந்தது. உள்ளே முழுக்கக் கரையான் தின்றுவிட்டு வெளியே வார்னிஷை மட்டும் மரியாதைக்கு விட்டுவைத்திருந்தது. ஞானியின் தலை உருண்டுபோய் வாசல் மிதியடியில் பத்திரமாக நின்றது. பால்குடியின் கால் முட்டிக்குக் கீழே இரண்டாக மடங்கியது.

கடைநிலை ஊழியர் ஒருவர் இயக்குநர் அறைக்கு ஓடினார். இயக்குநர் அப்போது காலை மௌனத்தில் இருந்தார். காலை மௌனம் என்பது காதில் பஞ்சு வைத்துக்கொண்டு சாய்வு நாற்காலியில் கண்ணை மூடி, வாயைத் திறந்து செய்வது.

"ஐயா, படியில ஆளு விழுந்துட்டாரு!"

இயக்குநர் ஒரு கண்ணைத் திறந்தார். "விழிச்சுட்டாரா?"

"விழுந்துட்டாருங்க!"

"யாரு விழிச்சது?"

"சுமைக்காரர்ங்க. பால்குடி."

இயக்குநரின் கண்கள் கலங்கின. "எத்தனை காலமா காத்திருந்தேன், இந்தக் கட்டடத்துல ஒருத்தராவது விழிச்சுட மாட்டாங்களான்னு!" என்றவர், காதிலிருந்த பஞ்சை எடுக்காமலே எழுந்தார். "உண்மையாவே விழிச்சாரா?"

ஊழியர் வேலையில் சேர்ந்ததிலிருந்து ஒரு மேலதிகாரியையும் திருத்தியதில்லை. அதனால்தான் இன்னும் வேலையில் இருந்தார். "ஆமாங்க" என்றார்.

கழகமே படிக்கட்டில் கூடியது. நடுவில் பால்குடி மல்லாந்து கிடந்தார். இயக்குநர் அவர் தலைமாட்டில் குனிந்து, "என்ன தெரிகிறது?" என்று கேட்டார்.

"பொறி பறக்குது சாமி."

"ஒளி" என்று எழுதிக்கொண்டார்கள்.

"அம்மா… தண்ணி… தண்ணி…"

கிரேக்கப் பிரிவுத் தலைவருக்கு மயிர்க்கூச்செறிந்தது. "எல்லாப் பொருளுக்கும் மூலம் நீர்! எங்கள் முதல் ஞானியும் இதையேதான் சொன்னார்! படிப்பறிவில்லாத ஒருவர் வாயில், இந்த நூற்றாண்டில்!" என்று கூவினார். தண்ணீர் யாரும் தரவில்லை. கிடைத்துவிட்டால் தேடல் முடிந்துவிடும் என்றார்கள். ஆம்புலன்ஸுக்குச் சொல்லலாமா என்று ஊழியர் தயங்கியபோது, சீனப் பிரிவுத் தலைவி கையைத் தூக்கித் தடுத்தார். செயலற்றிருப்பதே செயல்களில் உயர்ந்தது என்பது அவர் துறை. உயர்ந்த செயலைப் பகல் உணவுவரைக்கும் எல்லாருமாகச் செய்தார்கள்.

"கொஞ்சம் முன்னாடியே கொண்டுவந்திருந்தா கால் நேரா நின்னிருக்கும்மா" என்றார் பிறகு மருத்துவர், சித்தாளிடம்.

இதற்கிடையில், தன் ஆளைத் தேடி வந்த மேஸ்திரி, வாசலில் இயக்குநரைப் பிடித்திருந்தார். "என்னங்க ஆச்சு நம்ம ஆளுக்கு?"

"போதத்தில் விழித்தார்" என்றார் இயக்குநர், கண்ணை மூடி.

மேஸ்திரி பிறந்ததிலிருந்து ஞானத்தைக் குறிக்கும் போதம் என்ற சொல்லைக் கேட்டதில்லை. தனக்குத் தெரிந்த சொல்தான் அவர் காதில் விழுந்தது. "போதையில விழுந்தாரா? பால்குடியா?"

"நாங்களும் வியந்தோம். நீரைக் கேட்டுக் கதறினார்."

"தண்ணி கேட்டாரா! அதுவும் வேலை நேரத்துல!"

அவ்வளவுதான். உள்ளே ஒரு காது பால்குடியை மேலே தூக்கியது. வாசலில் ஒரு காது அவரைக் கீழே போட்டது. மேஸ்திரிக்கு இது வசதியாகவும் இருந்தது. குடித்துவிட்டு விழுந்தவனுக்கு மேஸ்திரி பொறுப்பல்ல. சாயங்காலத்துக்குள் டீக்கடை, மணல் கிடங்கு, லாரி நிறுத்தம் எல்லா இடத்திலும் சொல்லி முடித்துவிட்டார்.

*

இனிமேல் சுமை தூக்க முடியாத காலுக்கு ஒரே ஒரு வேலை ஊரில் இருந்தது. எடைமேடைக் காவல். லாரி வந்து நிற்கும், முள் எங்கே நிற்கிறதென்று பார்த்துச் சொல்ல வேண்டும். உட்கார்ந்த வேலை. கால் வேண்டாம், நாணயம் இருந்தால் போதும். எடைமேடைக்காரர் சித்தாளிடம் தன்மையாகத்தான் பேசினார்.

"குடிகாரனை அதுல உட்கார வச்சா, லாரிக்காரன் ஒரு பாட்டிலைக் காட்டி மலையையே மூட்டைன்னு எழுத வச்சுடுவான்ம்மா."

"அவரு குடிக்க மாட்டாருங்க."

"நீ சொல்லுவ. எல்லா வீட்டுக்காரியும் சொல்றதுதான். அந்தக் கழகத்துப் பெரியவரு வாயால ஒரே வரி சொல்லட்டும். 'இந்த ஆளு குடிக்கல, கைப்பிடி உளுத்திருந்துச்சு.' போன்ல சொன்னாலும் சரி. மறுநாளே வந்து உட்காரட்டும். இந்த மாசம் முடியற வரைக்கும் அந்த நாற்காலியில வேற யாரையும் உட்கார வைக்கல, போதுமா?"

ஒரு வரி. சித்தாளுக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. ஒரு வரி என்ன, கல்லா மண்ணா? சுமந்துகொண்டு வர அரைக்கூடைக்கும் காணாது.

"அண்ணி, ரொம்பப் பணிஞ்சு கேட்காதீங்க" என்றாள் நாத்தனார். புருஷன் செத்தபின் அண்ணன் வீட்டோடு வந்துவிட்டவள். தையல் மிஷினும் கூர்மையான வாயுமாக மூலையில் இருப்பவள். "பணிஞ்சா அவங்களுக்குக் கழுத்து நோகும், உங்களைப் பார்க்கக் குனியணுமே."

கழக வரவேற்பறைப் பெண் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "உங்க கேள்வி எந்த நாகரிகத்தைச் சேர்ந்தது?"

"என் புருஷன் கால் விஷயமா வந்தேன்."

"கால்னா காத்தா, காலமா, உறுப்பா?"

"முட்டிக்குக் கீழ இருக்கிறது."

"உறுப்பு. முதல் மாடி."

படிக்கட்டில் ஏறும்போது பார்த்தாள். கைப்பிடி போன இடம் பல் விழுந்த வாய்போலத் திறந்திருந்தது. அதற்கு மேலும் கீழும் மிச்சமிருந்த கைப்பிடியை ஊதா நிற வெல்வெட் துணியால் சுற்றியிருந்தார்கள். தச்சர் ஒருவர் கருவிப்பெட்டியோடு கீழே இறங்கிக்கொண்டிருந்தார். "பூராவும் உளுத்துப்போச்சு, மாத்தணும்னேன். இது விழிப்பின் சாட்சி, தொடக்கூடாதுங்கிறாங்க. ஓரமாப் போம்மா, அதைப் பிடிக்காதே" என்றார். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறினாள்.

கிரேக்கத் தலைவர் அவள் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அவள் புருஷன் விழுந்திருக்கவே முடியாது என்றார். "பாருங்கம்மா. மேலிருந்து கீழே விழ வேண்டுமானால் முதலில் பாதி தூரம் விழ வேண்டும். பாதி விழுவதற்கு முன் அதில் பாதி. அதற்கு முன் அதில் பாதி. பாதிகளுக்கு முடிவே இல்லை. ஆகவே ஒருவரும் எதிலிருந்தும் விழ முடியாது. தொன்றுதொட்டு நிரூபிக்கப்பட்டது."

"அப்ப கால் எப்படிங்க உடைஞ்சுது?"

"உடையவில்லை. உடைந்தது என்று நீங்கள் தீர்ப்பளித்துவிட்டீர்கள். துன்பம் பொருளில் இல்லை, அதைப் பற்றிய நமது தீர்ப்பில்தான் இருக்கிறது." இப்படிச் சொன்னவர் மேசையிலிருந்த தேநீரை எடுத்து ஒரு வாய் உறிஞ்சினார். முகம் கோணியது. கதவுப் பக்கம் திரும்பி, "யாருடா அங்கே! ஆறிப்போன கழனித் தண்ணியைக் கொண்டுவந்து வச்சிருக்கே, மனுஷன் குடிப்பானா இதை!" என்று மாடி அதிரக் கத்தினார்.

தேநீரைப் பற்றி அவர் தீர்ப்பு கடுமையாக இருந்தது. அவளை அடுத்த மாடிக்கு அனுப்பினார்.

சீனத் தலைவியின் மேசை துடைத்துவிட்டதுபோல வெறுமையாக இருந்தது. குரல் மெதுவானது. அவளை உட்காரச் சொன்ன ஒரே ஆள் அந்த அம்மாள்தான்.

"நான் இங்கே எதுவுமே செய்வதில்லை, தங்கச்சி. அதுதான் என் ஆராய்ச்சி."

"சம்பளங்க?"

"அது தானாக வருகிறது. நீர் பள்ளத்துக்கு வருவதுபோல."

"நாங்க பள்ளத்துலதான் இருக்கோம். வரமாட்டேங்குதே."

தலைவி அன்போடு சிரித்தார். "ஒன்று நடக்கப் போகிறதென்றால் நடக்க விடுங்கள். குறுக்கே கை நீட்டாதீர்கள். வாயைத் திறக்க வேண்டும் போலத் தோன்றுகிற இடத்தில் மூடிக்கொள்ளுங்கள். அதற்கு மேல் ஒரு செயல் இல்லை."

கூலி கொடுக்காமல் கிடைத்த பாடம். சித்தாள் கேட்டுக்கொண்டாள். மூன்றாம் மாடியில் எகிப்துக்காரர், இறந்தவரின் இதயத்தை ஒரு பக்கம், இறகை ஒரு பக்கம் வைத்து எடை போடும் தராசைத் துடைத்துக்கொண்டிருந்தார். உயிரோடிருப்பவர்கள் தம் எல்லைக்குள் வருவதில்லை என்றும், வீட்டுக்காரர் காலமானபின் வந்தால் முன்னுரிமை தருவதாகவும் சொன்னார்.

எல்லா மாடியும் ஏறி இறங்கியபின்தான் தரைத்தளத்து அறை திறந்தது.

இயக்குநர் எழுந்து நின்று வரவேற்றார். "விழித்தவரின் துணைவி!"

"ஐயா, எனக்கு ஒரே ஒரு வரி போதும். அவரு போதையில இல்லைன்னு எடைமேடைக்காரர்கிட்ட சொல்லிடுங்க."

இயக்குநரின் முகம் சுருங்கியது. "அந்தச் சொல்லைக் கழகம் உச்சரித்ததே இல்லை. உச்சரிக்காத சொல்லை எப்படி மறுப்பது? மறுத்தால் உச்சரித்ததாகிவிடும்."

"மேஸ்திரி அப்படித்தான் சொல்லிக்கிட்டுத் திரியறாரு."

"அது மேஸ்திரியின் காது. நாங்கள் வாய்க்குத்தான் பொறுப்பு."

"சரிங்க, அதை விடுங்க. கைப்பிடி உளுத்திருந்துச்சுன்னாவது சொல்லுங்க. தச்சரே சொல்றாரு."

இயக்குநர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். குழந்தைக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிற குரலில் பேசினார். "உளுத்திருந்தது என்றால் அவர் விழுந்தார் என்றாகும். விழுந்தார் என்றால் விழிக்கவில்லை. விழிக்கவில்லை என்றால் அடுத்த வாரம் வெளிநாட்டு அறிஞர்கள் எதைப் பார்க்க விமானம் ஏறுகிறார்கள்? புரவலர்கள் எதற்காகப் புதிய கட்டடத்துக்கு ஒப்புதல் தந்தார்கள்? ஒரு மனிதனின் கால் பெரிதா, மனித குலத்தின் விழிப்பு பெரிதா? நீங்களே சொல்லுங்கள்."

"என் வீட்டுல கால்தாங்க பெருசு."

"அதனால்தான் நீங்கள் அங்கே இருக்கிறீர்கள்" என்றார் இயக்குநர், வருத்தத்தோடு. பிறகு குரலை மாற்றிக்கொண்டு, 'விழித்த படி'யின் திறப்பு விழாவுக்கு அவள் வந்து படியில் நிற்க வேண்டும், சுத்தமான உடையில், பேச வேண்டியதில்லை என்று கேட்டுக்கொண்டார்.

அவள் "வரேங்க" என்றாள்.

வீட்டில் பால்குடி கேட்டுவிட்டுக் கூரையைப் பார்த்தார். "விட்டுத் தள்ளு. ஞானி பெண்டாட்டியா இருந்துட்டுப் போ. எத்தனை பேருக்குக் கிடைக்கும்?"

"சிரிக்காதீங்க. எனக்கு எரியுது."

"எனக்கு மட்டும் குளுகுளுன்னு இருக்கா? நேத்து வந்தாங்க நம்ம ஆளுங்க, பார்க்க. போகும்போது தலையணைக்கு அடியில கையை விட்டுப் பார்க்கிறான் ஒருத்தன். பாட்டில் இருக்கான்னு."

பால்குடி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். தையல் மிஷின் சத்தம் நின்றுவிட்டது.

*

விழா நாளில் படிக்கட்டின் அடியில் வெளிநாட்டு அறிஞர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். மொழிபெயர்ப்பாளர் ஒருவர் ஒவ்வொரு வாக்கியத்தையும் அவர்கள் காதில் ஊதினார். வாசலில் நாற்காலி இறக்க வந்த கூலியாட்களோடு மேஸ்திரியும் நின்றார். பாதிப்படியைச் சுற்றிப் பட்டுக்கயிறு. அதற்கு ஒரு படி மேலே சித்தாளை நிறுத்தியிருந்தார்கள்.

இயக்குநர் படியேறி வந்து பேசினார். "கிரேக்கர் வியப்பில் தொடங்கினார்கள். சீனர் மௌனத்தில். எகிப்தியர் மரணத்தில். நாம் எங்கே தொடங்கினோம்? இந்தப் படியில்! ஒரு சாதாரண மனிதன், பெயர்கூட நமக்குத் தெரியாது…"

அவர் பெயரை யாரும் கேட்கவில்லை, அதனால் தெரியாது. சித்தாள் நேரே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"…இந்த மாளிகையைப் பராமரிக்க நாம் செலவழிக்காத ஒவ்வொரு காசும் இந்த விழிப்புக்கு வழி செய்திருக்கிறது என்பதை எண்ணும்போது எனக்குப் பெருமையாக இருக்கிறது! இதோ, அவர் நின்ற இடத்தில் நானும் நிற்கிறேன். அவர் பிடித்ததை நானும் பிடிக்கிறேன்."

பட்டுக்கயிற்றைத் தாண்டினார். வெல்வெட் சுற்றிய கைப்பிடியில் ஒரு கையை வைத்தார். அவள் நின்ற இடத்திலிருந்து தெரிந்தது. வெல்வெட்டின் கீழ் நுனியிலிருந்து உளுத்த மரத்தூள், சலித்த மாவுபோல மெல்லிசாக, படியில் கொட்டிக்கொண்டிருந்தது. இன்னொரு கையையும் வைத்தார். இடுப்பையும் சாய்த்தார். கனமான இடுப்பு.

அவளுக்கு வாய் திறந்தது. சாரத்தில் பக்கத்து ஆள் கால் வழுக்கினால் யார் எவர் என்று பார்க்காமல் 'ஏய்!' என்று கத்துகிற பழக்கம், எலும்பில் ஊறியது. அந்த 'ஏய்' தொண்டைவரைக்கும் வந்துவிட்டது.

எதிரே கீழே, முதல் வரிசையில், சீனத் தலைவி அரைக்கண் மூடி அமர்ந்திருந்தார்.

சித்தாள் வாயை மூடிக்கொண்டாள். கையையும் பின்னால் கட்டிக்கொண்டாள்.

பாதி தூரம், அதில் பாதி, அதில் பாதி என்றெல்லாம் இயக்குநர் விழவில்லை. மொத்தமாக விழுந்தார். வெல்வெட்டும் அவரோடு போனது. கட்டடம் ஒரு முறை குலுங்கி அமைதியானது.

அந்த அமைதியில், செங்கல் குவியலிலிருந்து சாரத்து உச்சிவரை கேட்கப் பழகிய குரலில், அவள் சொன்னாள்: "ஐயா விழிச்சுட்டாரு!"

மொழிபெயர்ப்பாளர் அதையும் ஊதினார். வெளிநாட்டு அறிஞர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். ஒருவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"யாராவது… தூக்குங்கடா…" என்றார் இயக்குநர். "தண்ணி… தண்ணி…"

கிரேக்கத் தலைவர் ஒரு கணம் தடுமாறினார். விழுந்துவிட்டார் என்று சொன்னால் அன்றைய விழாவே போச்சு. சொல்லாவிட்டால் இயக்குநர் போச்சு. விருந்தினர்களைப் பார்த்தார். "நீர்! மீண்டும் நீர்!" என்று கையை உயர்த்தினார்.

"முட்டாளே, கால் போச்சுடா!"

"உடலை மறுக்கிறார்" என்றார் கிரேக்கத் தலைவர். எல்லாரும் எழுதிக்கொண்டார்கள். சீனத் தலைவி கண்ணை முழுசாக மூடிக்கொண்டார். எகிப்துக்காரர் மட்டும் கொஞ்சம் ஆர்வமாக முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

வாசலில் மேஸ்திரி எட்டிப் பார்த்து ஊழியரிடம் கேட்டார். "என்னய்யா சத்தம்?"

"இயக்குநர் போதத்தில் விழித்தார்" என்றார் ஊழியர், கற்றுக்கொண்டபடி.

"இவருமா!" மேஸ்திரி கன்னத்தில் கையை வைத்துக்கொண்டார். "வெளிநாட்டுக்காரங்க முன்னாடியேவா? தண்ணி தண்ணின்னு கத்தறது இங்க வரைக்கும் கேட்குதே. இவ்வளவு போதையிலயா மேடை ஏறுவாங்க?"

ஊழியர் இவரையும் திருத்தவில்லை. "ஆமாங்க" என்றார்.

*

இயக்குநரின் கால், பகல் உணவுக்குப் பின்தான் மருத்துவமனை போய்ச் சேர்ந்தது. கதை அதற்கு முன்பே டீக்கடை, மணல் கிடங்கு, லாரி நிறுத்தம் எல்லாம் சுற்றிவிட்டுப் புரவலர்கள் வீடுவரைக்கும் போயிருந்தது. புரவலர் குழு கடுமையானது. போதத்துக்குத்தான் அவர்கள் பணம், போதைக்கு அல்ல. விழாவன்று இயக்குநருக்கு மிக அருகில் நின்றவர் யாரோ அவர் சாட்சி சொன்னால் ஏற்றுக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்கள். அருகில் நின்றவள் ஒருத்திதான்.

மாசம் முடிய நாலைந்து நாள் இருக்கையில் அவள் வீட்டு வாசலில் டாக்சி நின்றது. ஊழியர் ஒரு பக்கம் தாங்க, மறு பக்கம் ஊன்றுகோலோடு இயக்குநர் உள்ளே வந்தார். இருந்தது ஒரே அறை. முக்காலியில் உட்கார்ந்து காலை நீட்டினார். எதிரே பாயில் பால்குடியும் காலை நீட்டியிருந்தார். இரண்டு மாவுக்கட்டும் நடுவில் சந்தித்துக்கொண்டன. நாத்தனாருக்கு மிஷினுக்குப் போக வழியில்லை.

"வாங்க" என்றாள் சித்தாள். "உங்க கேள்வி எந்த நாகரிகத்தைச் சேர்ந்ததுங்க?"

இயக்குநர் ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்தார். "அம்மா, ஒரே ஒரு வரி. நான் போதையில் இல்லை என்று புரவலர்களிடம் சொல்லிவிடுங்கள். என் மூச்சுக்காற்று படும் தூரத்தில் நின்றீர்கள். உங்களுக்குத் தெரியும்."

"அந்த வார்த்தையை நாங்க உச்சரிச்சதே இல்லையே. உச்சரிக்காததை எப்படிங்க மறுக்கிறது?"

"என் பிள்ளைகள் வீட்டுக்கு வருவதில்லை. என் மனைவி அலமாரிகளைத் தேடுகிறாள். கடைக்காரன் என்னைப் பார்த்துச் சிரிக்கிறான்." அவர் குரல் உடைந்தது. நடிப்பு இல்லை. "ஒரு பொய் ஒரு மனிதனை என்ன செய்யும் தெரியுமா உங்களுக்கு?"

அவர் கேட்டது எப்படிப்பட்ட கேள்வி என்பது அவருக்கே தெரியவில்லை. எல்லாரும் அவரைப் பார்த்தபோதும் தெரியவில்லை.

பால்குடிக்கு மனம் இளகியது. "சொல்லிட்டுப் போயேன், பாவம்" என்றார் மெதுவாக.

"நீங்க சும்மா இருங்க." அவள் இயக்குநர் பக்கம் திரும்பினாள். "சொல்றேங்க. இப்பவே வரேன், அதே டாக்சியில. ஆனா முதல்ல நீங்க. எடைமேடைக்காரர் நம்பர் இதோ. 'அந்த ஆளு குடிக்கல, கைப்பிடி உளுத்திருந்துச்சு.' சொல்லுங்க."

போனை நீட்டினாள். இயக்குநர் அதை வாங்கினார். திரையைப் பார்த்தார்.

"கைப்பிடி உளுத்திருந்தது என்று சொல்லிவிடுகிறேன்" என்றார். "நான் பிடித்த பகுதி."

"அவரு பிடிச்சது?"

"அது… அவர் பிடித்த பகுதி உளுத்திருக்கவில்லை. அங்கே அவர் விழித்தார். அதை விட்டால் கழகமே இல்லை அம்மா. புதுக் கட்டடத்துக்கு அஸ்திவாரம் தோண்டியாகிவிட்டது."

"ஒரே கைப்பிடிங்க அது. ஒரே மரம்."

"பௌதிக ரீதியாக ஒன்றுதான்."

நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிக்கொண்டாள். பால்குடி சிரிக்கவில்லை. தன் காலைக் கையால் தூக்கி, இயக்குநரின் காலைத் தொடாதபடி கொஞ்சம் நகர்த்தி வைத்துக்கொண்டார். "சரி, போயிட்டு வாங்க சாமி" என்றார். "படி பார்த்து இறங்குங்க."

சித்தாள் போனை வாங்கிக்கொண்டாள். இயக்குநர் வாசலில் ஊன்றுகோலோடு திணறிக்கொண்டு திரும்பினார். "அன்றைக்கு… நான் சாயும்போது நீங்கள் பார்த்துக்கொண்டுதானே நின்றீர்கள்? ஒரு குரல் கொடுத்திருக்கலாமே?"

"இரண்டாம் மாடியில கேளுங்க" என்றாள் அவள். "சொல்லிக்கொடுத்ததே அவங்கதான்."

அவள் புரவலர்களிடம் போகவில்லை. எதிராக ஒரு வார்த்தையும் சொல்லவில்லை, ஆதரவாகவும் சொல்லவில்லை. இயக்குநர் பணத்தோடு ஆள் மேல் ஆள் அனுப்பிப் பார்த்தார். வீட்டில் அடுப்பு எரியாத ஒவ்வொரு வேளையும் அவளைச் சொல்லச் சொன்னது. வாயை மூடிக்கொண்டே இருந்தாள். அதில் அவளுக்குக் கிடைத்த இன்பத்தை இங்கே மறைக்க வேண்டியதில்லை. கூடையைத் தலையில் ஏற்றும்போது அதை நினைத்துக்கொண்டால் பிடரி வலி கொஞ்சம் தள்ளி நின்றது. புரவலர்கள் இயக்குநரை நீக்கினார்கள். கிரேக்கத் தலைவர் தரைத்தளத்து அறைக்கு இறங்கினார். விழித்த படியில் இப்போது இரண்டு பித்தளைத் தகடுகள்.

மாசம் முடிந்தது. எடைமேடை நாற்காலியில் மேஸ்திரியின் மச்சான் உட்கார்ந்தான்; அவன் குடிப்பான், ஆனால் அவன் எங்கும் விழுந்ததில்லை. பால்குடி வாசலில் உட்கார்ந்து நாத்தனாருக்குப் பொத்தான் தைத்துக் கொடுக்கிறார். சித்தாள் இரண்டு ஆள் சுமை சுமக்கிறாள்.

பழைய இயக்குநர் சில நாட்களில் ஊன்றுகோலோடு அந்தத் தெருவில் எதிரே வருவதுண்டு. அவளைக் கண்டதும் மறுபக்கம் போய்விடுவார். அவள் சுமையோடு நின்று, அவர் திரும்புகிறவரைக்கும் பார்ப்பாள். அவர் வேலை போனது, பேர் போனது, கால் கோணிப்போனது. எதையும் அவள் வரவில் வைக்கவில்லை. அவர் தர வேண்டியது ஒரே வரி, அது இன்னும் பாக்கி: அந்த ஆள் குடிக்கவில்லை, கைப்பிடி உளுத்திருந்தது.